மேடை பயத்துக்கு டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்பா, செல்போன் கேமராவா?

மைக்கைப் பிடித்தாலே கை நடுங்குகிறவர்கள் பலரும் கேட்பது இது: மேடைப் பேச்சைக் கூடிப் பழகுவதற்கென்றே உள்ள டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்பில் சேருவதா, வீட்டிலேயே பேசிப் பதிவு செய்து பழகுவதா?

செலவு: செல்போனுக்குக் காலணா செலவில்லை. கிளப்பில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சந்தா. விருந்தினராகப் போய்ப் பார்க்கப் பெரும்பாலும் காசு கேட்பதில்லை.

பயம்: விஷயமே இங்கேதான். செல்போன் முன்னால் தடுமாறினால் அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம், நெஞ்சு படபடக்காது. கிளப்பில் அழிக்க முடியாது. தயாரித்த பேச்சுக்கு வழக்கமாக 5 முதல் 7 நிமிடம். நேரத்தைக் காட்ட ஐந்தில் பச்சை விளக்கு, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு. ‘ஆ...’, ‘வந்து...’ என்று எத்தனை தடவை இழுத்தோம் என எண்ணுவதற்கென்றே ஒருவர் உட்கார்ந்திருப்பார். (என் முதல் பேச்சில் பதினெட்டு!) அப்புறம், தலைப்பை அந்த நொடியில் கொடுத்து 1, 2 நிமிடம் பேசச் சொல்லும் சுற்றும் உண்டு. அட்ரினலின் ஏறி வாய் உலரும்போதே பேசிப் பழகினால்தான் பயம் தேயும். தனி அறையில் அது நடக்காது.

குறை தெரிவது: இதில் செல்போன்தான் கறார். நான் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே பேசுவதை அதுதான் காட்டிக்கொடுத்தது. கிளப்பில் பாராட்டு கொஞ்சம் தூக்கல்.

அடுத்த வாரம் ஒரே ஒரு வாழ்த்துரை என்றால் செல்போன் போதும். கடைசி ஒத்திகைக்கு மட்டும் வீட்டார் நாலு பேரை உட்கார வையுங்கள். அலுவலகத்தில் மாதாமாதம் பேச வேண்டியவர் கிளப்புக்கே போகலாம்.