கடல் தூண்டில் செட் என்று 13,800 ரூபாயை வாங்கி ஏமாற்றிவிட்டான், உஷார்

கோபத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் சேர்ந்து போட்ட பணம் 13,800 ரூபாய், ஒரு ஆன்லைன் தூண்டில் கடைக்காரனிடம் போய்விட்டது. கடைப் பெயரைப் போடவில்லை. போட்டோ, வீடியோ போடுகிற ஆப் ஒன்றில் பக்கம் வைத்து விற்கிற ஆள், அவ்வளவு தெரிந்தால் போதும். பெயரைச் சொன்னால் நாளைக்கே வேறு பெயரில் பக்கம் திறப்பான்.

நாங்கள் கிருஷ்ணகிரிக்காரர்கள். எங்களுக்குத் தெரிந்த மீன்பிடிப்பெல்லாம் கே.ஆர்.பி. அணைக்குக் கீழே தென்பெண்ணையும், ஊர் ஏரிகளும்தான். மண்புழுவைக் கோத்து, தக்கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தால் ஜிலேபி வரும், கெண்டை வரும். அதற்கு மூங்கில் கழியே தாராளம். கடற்கரைப் பாறையில் நின்று வீசுவது வேறு சமாச்சாரம். கல் இடுக்கில் கிடக்கிற களவா மீன் தூண்டிலைக் கடித்ததும் நேராக இடுக்குக்குள்தான் பாயும். அதை இழுத்து நிறுத்தக் கழியில் வலு வேண்டும், தூண்டில் நரம்பைச் சுற்றுகிற ரீலில், நரம்பை விட்டுப் பிடிக்கிற டிராக் ஒழுங்காக இருக்க வேண்டும். உப்புத் தண்ணீர் தெறித்துக்கொண்டே இருப்பதால் ரீலுக்குள் இருக்கும் சாதாரண பேரிங் சீக்கிரமே துருப்பிடித்துவிடும். இதையெல்லாம் விசாரித்து வைத்துக்கொண்டுதான் அவனிடம் பேசினோம்.

பேசிய விதம்தான் இப்போதும் வயிற்றெரிச்சல். விற்கிற அவசரமே அவனிடம் இல்லை. "எந்த ஊருங்ணா?" என்றான். கிருஷ்ணகிரி என்றேன். "அட, என் மாமியார் ஊரு பாலக்கோடுங்ணா! தக்காளி மண்டிப் பக்கம்தான் வீடு" என்றான். அப்புறம் பேச்சே மாறிவிட்டது. மாங்காய் இந்த வருஷம் எப்படி, கிலோ என்ன விலை போகிறது என்று விசாரித்தான். எங்கே வீசப் போகிறோம் என்று கேட்டான். புதுச்சேரியில் அலையைத் தடுக்கக் கொட்டியிருக்கிற கருங்கல் மேல் நின்று என்றோம். "அப்படின்னா பத்தடிக் கழி எடுங்ணா, ஏழடி எடுத்தீங்கன்னா நரம்பு கல்லுல உரசி அறுந்துடும்" என்றான். சரியான யோசனைதான் அது. ஏழாயிரம் ரூபாய் செட் ஒன்றை நான் காட்டியபோது, "முதல் தடவைக்கு அவ்வளவு போடாதீங்ணா, வேஸ்ட்" என்று அவனே தடுத்தான். கூடுதலாக வரும் காசை வேண்டாம் என்கிறவனை யார் சந்தேகப்படுவார்கள்?

ஒரு செட் 4,800. கார்பன் கழி, 5000 சைஸ் ரீல், உப்புத் தண்ணீருக்கு என்றே சீல் செய்த பேரிங். மூன்று செட்டுக்கு 14,400 ஆகிறது, முன்பணமாக முழுசாகப் போட்டால் 600 குறைத்துக்கொள்கிறேன், பார்சல் வந்ததும் பணம் என்றால் அந்தச் சலுகை இல்லை என்றான். யூபிஐயில் அனுப்பும்போது திரையில் வேறு ஒரு பெண் பெயர் வந்தது. கேட்டேன். "அக்கா அக்கவுண்டுங்ணா, என்னுது லிமிட் முடிஞ்சிருச்சு" என்றான். போனது 13,800.

பார்சல் வந்தது. பளபளப்பாக இருந்தது, கழியில் கார்பன் என்று எழுதியும் இருந்தது. வீட்டு முற்றத்தில் கடலா இருக்கிறது போட்டுப் பார்க்க? சனிக்கிழமை விடிவதற்குள் கிளம்பி, ஊத்தங்கரை, திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் வழியாகப் போய்ச் சேர்ந்தோம். வழியில் தின்னக் காவேரிப்பட்டணம் நிப்பட் (தட்டை) ஒரு பை நிறைய. அந்த நிப்பட் ஒன்றுதான் அன்றைக்கு உருப்படியாக இருந்தது.

மதியம் வெயில் தாழ்ந்ததும் கல் மேல் நின்று, இறாலைக் கோத்து வீசினோம். கொஞ்ச நேரத்திலேயே என் ரீலில் கைப்பிடி கரகரவென்று சத்தம் போட்டு இறுகிவிட்டது. பால் வண்டி ஓட்டுகிற நண்பனின் கழியில் நுனி வளையத்துக்குள் இருக்கும் பீங்கான் தெறித்து எங்கோ போனது. அதற்கப்புறம் வெறும் கம்பியில் உரசிய நரம்பு பட்டென்று அறுந்தது. மூன்றாமவனுக்கு ஏதோ மாட்டியது. மீனோ கல்லோ தெரியாது, இழுத்தான். கழி நடுவில் முறிந்து, பாசி படிந்த கல்லில் கால் வழுக்கி, நான் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் தூக்கம் வரவில்லை. அவனுக்குச் சின்னக் குழந்தை இருக்கிறது. 13,800 ரூபாயை விட இதுதான் எனக்கு ஆத்திரம்.

பக்கத்துக் கல்லில் ஒரு பெரியவர், பிளாஸ்டிக் பாட்டிலில் சுற்றிய தங்கூசியை வெறுங்கையால் வீசி மீன் எடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் கழியை வாங்கிப் பார்த்தார். "தம்பி, இது குளத்துல ஜிலேபி புடிக்கிற சாமான். கடலுக்கு எவன் குடுத்தான் இதை?" என்றார்.

கழி முறிந்த நண்பன் டூவீலர் மெக்கானிக். ஊர் திரும்பியதும் ரீலைக் கழற்றினான். சீல் செய்த பேரிங் என்றானே, பேரிங்கே இல்லை. பிளாஸ்டிக் புஷ்தான் உள்ளே. டிராக் வாஷர் அட்டை மாதிரி கையில் கிழிந்து வந்தது. முறிந்த இடத்தில் பார்த்தால் வெள்ளைக் கண்ணாடி நார், மேலே கறுப்புப் பெயின்ட். கார்பன் மருந்துக்கும் இல்லை.

போன் செய்தேன். முதலில் அதே குரல், அதே "சொல்லுங்ணா". போட்டோ அனுப்புங்கள் என்றான், அனுப்பினேன். பார்சல் பிரிக்கும்போது எடுத்த வீடியோ இருக்கா என்றான். பொருள் மாறி வந்ததாக நான் சொல்லவே இல்லையே, அனுப்பிய பொருளே போலி என்கிறேன், அதற்கு வீடியோ எதற்கு? அடுத்து, ரீலைக் கடல் தண்ணீரில் முக்கியிருப்பீர்கள் என்றான். அப்புறம் ஓனர் வெளியூர் போயிருக்கிறார் என்றான். இத்தனை நாள் ஓனர் மாதிரிப் பேசியவன்! கடைசியாக, திருப்பி எடுக்க கொரியர் செலவு 900 ரூபாய் முதலில் போடுங்கள், மாற்று செட் அனுப்புகிறேன் என்றான். 13,800 போனது போதாதாம். முடியாது என்றதும் என் நம்பரை பிளாக் செய்துவிட்டான். நண்பனின் போனில் பார்த்தால் அந்தப் பக்கத்தில் புது வீடியோ, அதே ரீல், "நூறு சதவீதம் ஒரிஜினல்".

பாலக்கோட்டில் மாமியார் வீடு இருக்கிறதா என்பதே இப்போது சந்தேகம்.

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியதையெல்லாம் வரிசையாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். பணம் போகிற பெயரும் கடைப் பெயரும் ஒன்றாக இல்லையென்றால் அனுப்பாதீர்கள், அக்கா, தம்பி எந்தக் கதையும் வேண்டாம். முகவரி இல்லாத பக்கத்தில் வாங்காதீர்கள். 2020இல் வந்த மின்வணிக விதிகளின்படி ஆன்லைனில் விற்கிற கடை தன் சட்டப்பூர்வப் பெயர், முகவரி, குறைதீர் அலுவலர் விவரம் எல்லாவற்றையும் காட்டியாக வேண்டும். புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும். எனக்கு வந்த பில்லில் ஜிஎஸ்டி எண்ணும் இல்லை, முகவரியும் இல்லை, ஒரு செல் நம்பர் மட்டும். நோட்டீஸ் அனுப்ப நினைத்தாலும் எந்த வாசலுக்கு அனுப்புவது?

பணம் மட்டும் போய்ப் பொருளே வரவில்லை என்றால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930க்குப் போன் போடுங்கள். என்னை மாதிரி மட்டமான பொருள் வந்தால் 1915, நுகர்வோர் உதவி எண். அதில் புகார் பதிந்திருக்கிறேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே கிடையாது, அங்கேயும் போகத்தான் போகிறேன். முறிந்த கழி, கழற்றிய ரீல், கொரியர் சீட்டு, 13,800 போன ஸ்கிரீன்ஷாட் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. இதே மாதிரி "எந்த ஊருங்ணா" என்று கேட்டு யாரிடமாவது வாங்கியிருந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள், சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.