பச்சை லேசர் 'கிளாஸ் 2' என்று சொல்லி விற்றார்கள்: மாடல் போர்க்கப்பல் ஓட்டுபவர்கள் படித்துவிடுங்கள்

ரிமோட் போர்க்கப்பல் ஓட்டுபவர்களுக்கும், பிள்ளைகளுக்கு இந்தப் பொழுதுபோக்கைப் பழக்கும் பெற்றோருக்கும்தான் இந்தப் பதிவு. குறி பார்க்க உதவும் என்று சொல்லி ஒரு சின்னப் பச்சை லேசரை சிங்கப்பூரில் இணையம் வழியாக விற்கிறார்கள். சுண்டுவிரல் நீளத்தில் ஒரு பித்தளை உருளை, அதிலிருந்து இரண்டு ஒயர், மேலே ஒரு வெள்ளை ஸ்டிக்கர். '532 நானோமீட்டர், கிளாஸ் 2, 1 மில்லிவாட்டுக்குக் குறைவு, தண்ணீர் புகாது' என்று அதில் அச்சிட்டிருக்கும். கிளாஸ் 2 என்றால் கண்ணுக்கு ஆபத்து குறைவான வகை. ஒன்று 68 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). எங்கள் குழுவுக்கு நான்கு வாங்கினோம். ஸ்டிக்கரில் சொன்னதில் உண்மையாக இருந்தது நிறம் மட்டும்தான்.

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். அமெரிக்காவில் இந்தச் சண்டையை நிஜமாகவே சுட்டு மூழ்கடித்து நடத்துவார்கள். அசல் கப்பலை 144 மடங்கு சுருக்கிக் கட்டி, பக்கவாட்டில் மெல்லிய பால்சா மரத் தகடு ஒட்டி, கார்பன் டை ஆக்சைடு அழுத்தத்தில் இரும்புக் குண்டுகளைப் பாய்ச்சி ஓட்டை போடுவார்கள். ஏர் கன்னுக்கே உரிமம் கேட்கும் நம் ஊரில் அந்தப் பக்கம் யாரும் தலைவைத்துப் படுக்க முடியாது. அதனால் நாங்கள் அகச்சிவப்புக் கதிரால் சுடுகிறோம். ஜப்பானின் தமியா நிறுவனம் விற்கும் ரிமோட் டாங்கிகளில் இருக்கிறதே, அதே முறைதான். கப்பலின் சுழலும் பீரங்கி மேடையான டரட்டிலிருந்து கண்ணுக்குத் தெரியாத துடிப்பு கிளம்பும், எதிராளிக் கப்பலின் கொடிமரத்தில் இருக்கும் சென்சார் அதை வாங்கிக் கணக்கு வைக்கும். டாங்கிகளில் இலகு ரகம் 3 தடவையும், நடுத்தரம் 6 தடவையும், கனரகம் 9 தடவையும் அடி வாங்கினால் செத்துப்போகும். அந்தக் கணக்கையே கப்பலுக்கும் எடுத்துக்கொண்டோம். என்னுடையது பிரிட்டிஷ் போர்க்கப்பல் ரிப்பல்ஸின் மாடல். 1941 டிசம்பரில் இங்கிருந்து கிளம்பிப் போய், குவாந்தானுக்கு அப்பால் ஜப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்ட அதே கப்பல். 242 மீட்டர் நீளக் கப்பல் எங்கள் அளவில் 168 சென்டிமீட்டர் வரும். எம்ஆர்டி ரயிலில் தூக்கிக்கொண்டு போனால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

அகச்சிவப்பு கண்ணுக்குத் தெரியாது என்பதால் குண்டு எங்கே போகிறது என்று கரையில் நிற்பவருக்குப் புரியாது. அந்த இடத்தில்தான் லேசர் ஆசை வருகிறது. டரட்டோடு சேர்த்துக் கட்டிவிட்டால் பச்சைப் புள்ளி எதிராளியின் மேல் விழும்போது சுடலாம், அவ்வளவுதானே என்று தோன்றும். உண்மையில் அது அவ்வளவு பெரிய உதவி இல்லை. தண்ணீரில் கப்பல் கொஞ்சம் சாய்ந்தாலே புள்ளி வானத்துக்கும் தரைக்கும் தாவும். லேசர் டரட்டுக்கு மேலே உட்கார்ந்திருப்பதால் ஒரு தூரத்துக்குச் சரிசெய்த குறி இன்னொரு தூரத்தில் விலகிவிடும். வெயிலில் சிவப்புப் புள்ளி கண்ணுக்கே படாது, அதனால்தான் எல்லாரும் பச்சையைத் தேடிப் போகிறோம். இதெல்லாம் விளையாட்டின் சங்கடங்கள், விற்பவர் மேல் பழி போட முடியாது.

பழி எங்கே என்றால், லேசரை எரியவிட்டுச் சுட்டபோது எங்கள் அடிகள் பதிவாகவே இல்லை. அணைத்தால் பதிவாகும், எரியவிட்டால் பதிவாகாது. பச்சை ஒளிக்கு அகச்சிவப்புச் சென்சார் ஏன் மயங்கவேண்டும்? எங்கள் குழுவில் ஒளியியல் கருவிகளோடு வேலை செய்யும் ஒரு தம்பி இருக்கிறார். பார்த்தவுடனே, "அண்ணே, இதுல ஐஆர் ஒழுகுது" என்றார். ஐஆர் என்றால் அகச்சிவப்பு, சென்சாரைக் குழப்பியது அதுதான்.

மலிவான பச்சை லேசர் நேரடியாகப் பச்சை ஒளியைத் தருவதில்லை. உள்ளே 808 நானோமீட்டர் அகச்சிவப்பு டயோடு ஒன்று இருக்கும். அது ஒரு படிகத்தைத் தூண்டி 1064 நானோமீட்டர் கதிரை உண்டாக்கும், இன்னொரு படிகம் அதைப் பாதியாக்கி 532 என்ற பச்சையாக மாற்றும். மிஞ்சும் அகச்சிவப்பைத் தடுக்க முனையில் ஒரு சின்ன வடிகட்டிக் கண்ணாடி இருக்கவேண்டும். காசை மிச்சம் பிடிக்க முதலில் அதைத்தான் எடுத்துவிடுவார்கள். சூடு ஏறினால் பச்சை மங்கும், ஒழுகும் அகச்சிவப்பு அப்படியே இருக்கும். நம் ஊர் மத்தியான வெயிலை நினைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க அரசின் அளவீட்டு ஆய்வுக்கூடமான நிஸ்ட் 2010இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறது. 10 மில்லிவாட் என்று விற்ற ஒரு பச்சை லேசரில் பச்சை மங்கலாக இருந்தது, ஆனால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு மட்டும் ஏறக்குறைய 20 மில்லிவாட். 2013இல் அவர்கள் 122 லேசர் பாயின்டர்களை அளந்தபோது பச்சையில் கிட்டத்தட்ட 90 சதவீதமும் சிவப்பில் 44 சதவீதமும் அங்குள்ள பாதுகாப்பு விதிக்கு ஒத்துவரவில்லை. ஸ்டிக்கரை நம்பலாமா என்று கேட்பவர்களுக்கு இந்த எண்கள் போதும்.

தம்பி மீட்டர் வைத்து அளந்ததில் எங்களுடையது பச்சை மட்டும் 38 மில்லிவாட். அகச்சிவப்பையும் சேர்த்தால் 60ஐத் தொட்டது. 1 மில்லிவாட்டுக்குக் குறைவு என்றவர்கள் தந்தது இது! வெள்ளை ஸ்டிக்கரை நகத்தால் உரித்தால் அடியில் மஞ்சள் ஸ்டிக்கர், அதில் '50 மில்லிவாட்' என்று தெளிவாகவே போட்டிருந்தது. தெரியாமல் நடந்த கலப்படம் இல்லை, தெரிந்தே மேலே ஒட்டியிருக்கிறார்கள்.

கிளாஸ் 2 என்றால் கண்ணில் பட்டாலும் நாம் கால் நொடிக்குள் இமைத்துவிடுவோம், அந்த இமைப்பே காப்பாற்றும் என்ற கணக்கில் வைத்த வகை. 5 மில்லிவாட்டைத் தாண்டி 500 வரை கிளாஸ் 3பி. அங்கே இமைப்பு காப்பாற்றாது. அகச்சிவப்பு கண்ணுக்கே தெரியாததால் இமைக்கவேண்டும் என்ற உணர்வுகூட வராது. கப்பலில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நேர் மேலிருந்து விழும் ஒளியில் தண்ணீர் 2 சதவீதம்தான் திருப்பி அனுப்பும். கப்பல் டரட்டிலிருந்து வரும் ஒளியோ தண்ணீரை உரசிக்கொண்டு போகிறது. பரப்போடு 10 டிகிரி கோணத்தில் பட்டால் மூன்றில் ஒரு பங்கு துள்ளி எதிர்க்கரைக்குப் போய்விடும். நாங்கள் விளையாடுவது ஒரு நண்பரின் காண்டோ நீச்சல் குளத்தில். எதிர்க்கரையில் குந்திக்கொண்டு வேடிக்கை பார்ப்பவர்கள் ஏழெட்டு வயதுப் பிள்ளைகள். நல்லவேளை, யார் கண்ணுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

தண்ணீர் புகாது என்றதும் பொய்தான். ரப்பர் வளையமே இல்லை, லென்ஸ் உள்ளே பனிமூட்டம்.

சரி, விற்றவரிடம் போவோம் என்று வாட்ஸ்அப்பில் படங்களை அனுப்பினேன். தமிழர்தான். வாங்கும்போது, "அண்ணே, நம்ம ஆளுங்களுக்கு மட்டமான சாமான் குடுப்பேனா?" என்று கேட்டவர். இப்போது, "பவர் கூட இருந்தா நல்லதுதானே அண்ணே, எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க" என்றார். ஸ்டிக்கரின் மேல் ஸ்டிக்கர் ஏன் என்றால், சப்ளையர் ஒட்டியது, தனக்குத் தெரியாது என்றார். பணத்தைக் கேட்டதும் 'திருப்பித் தரவோ மாற்றித் தரவோ மாட்டோம்' என்று விளம்பரத்தின் கீழே இருந்த வரியைப் படம் பிடித்து அனுப்பினார். நீங்கள் ஸ்டிக்கரை உரித்ததால் வாரன்டி போய்விட்டது என்று அடுத்த மெசேஜ். அப்புறம் என்னை பிளாக் செய்துவிட்டார். விளம்பரம் மட்டும் வேறு படத்தோடு இன்னும் ஓடுகிறது.

அந்த ஒரு வரியைப் பார்த்து யாரும் பயப்படவேண்டாம். 2012 செப்டம்பரிலிருந்து இங்கே குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் 'லெமன் லா' நடப்பில் இருக்கிறது. பொருள் சொன்னபடி இல்லை என்று 6 மாதத்துக்குள் தெரிந்தால், விற்றபோதே குறை இருந்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று காட்டவேண்டியது விற்றவர் பாடு. கடைக்காரர் எழுதி ஒட்டும் வரி அதை ரத்து செய்யாது. சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீல் தேவையில்லை, 5,000 வெள்ளிக்கு உட்பட்ட வழக்குக்குப் பயனீட்டாளர் கட்டவேண்டியது 10 வெள்ளி, இரண்டு வருடத்துக்குள் போகவேண்டும். 272 வெள்ளிக்கு இவ்வளவு அலைச்சல் தேவையா என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்குத் தேவை என்றுதான் படுகிறது.

மன்றத்துக்குப் போகவும் எதிராளியின் பெயர் வேண்டுமே. குழுவில் மூவர் அந்த ஆள் கொடுத்த கைபேசி எண்ணுக்கு பேநவ் வழியாக வங்கிப் பணம் அனுப்பியிருந்தார்கள், அவர்கள் கையில் இருப்பது பாதி மறைந்த பெயர். ஒருவர் மட்டும் விற்றவருடைய நிறுவனத்தின் யுஇஎன் என்ற பதிவு எண்ணுக்கு அனுப்பியிருந்தார். அந்த எண்ணை வைத்து அக்ரா என்ற அரசு அமைப்பின் நிறுவனப் பதிவேட்டில் தேடி நிறுவனத்தைக் கண்டுபிடித்தோம், மனுவும் அப்படிப் பணம் அனுப்பிய நண்பர் பெயரில்தான் போட்டிருக்கிறோம். விசாரணைத் தேதிக்குக் காத்திருக்கிறோம். தனி எண்ணுக்குப் பணம் அனுப்பச் சொல்லும் கடை எதுவானாலும் அங்கேயே நின்றுவிடுங்கள்.

இன்னொன்று, இது பணத்தைவிடப் பெரியது. கிளாஸ் 3பி, 4 லேசர்களை இங்கே இறக்குமதி செய்ய, விற்க, வைத்திருக்க, பயன்படுத்தக் கதிர்வீச்சுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் உரிமம் வேண்டும், அதைப் பார்ப்பது தேசியச் சுற்றுப்புற வாரியம். கிளாஸ் 2 என்று நம்பி வாங்கியவர் கையில் உரிமம் இல்லாத 3பி இருக்கிறது என்றால் சிக்கல் வாங்கியவருக்கும்தான்.

இந்தப் பித்தளை உருளை உங்கள் கப்பலில் இருந்தால் எரியவிட்டுச் சோதிக்காதீர்கள். பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள், ஸ்டிக்கரையும் விளம்பரத்தையும் பணம் அனுப்பிய பதிவையும் படம் எடுத்து வையுங்கள், கேரோசல் இணையச் சந்தையில் வேறு யாருக்கும் தள்ளிவிடாமல் வாரியத்திடம் கேட்டு அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். எங்கள் நான்கும் ஒயர் வெட்டப்பட்டு, வழக்குக்காக ஒரு பிஸ்கட் டின்னில் கிடக்கின்றன.