தடயவியல் அறிமுக வகுப்பு: உறை ஒட்டத் தெரியாத பத்தாண்டு அனுபவசாலி

தண்ணீர் மாதிரிகளைச் சோதிக்கும் ஆய்வகத்தில் எனக்குப் பத்தாண்டு வேலை. குளோரைடும் நைட்ரேட்டும் அளந்து அலுத்துப்போய், இணையவழித் தடயவியல் அறிமுக வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். மொத்தம் ஆறு வாரம். கரும்பொடி, தூரிகை, ஒட்டுநாடா, அட்டைகள், உறைகள் என்று ஒரு பயிற்சிப் பெட்டியும் வீடு தேடி வந்தது.

வரலாற்றுப் பாடம் சுமார்தான். 1910இல் பிரான்சின் லியோன் நகரில் எட்மண்ட் லொகார்ட் தடயவியல் ஆய்வகம் தொடங்கியதில் ஆரம்பித்து ஒரே ஓட்டமாக ஓடினார்கள். கைரேகைகளை வகைப்படுத்தும் 'ஹென்றி முறை'யைச் சொன்னவர்கள், அதற்காகக் கணக்குப் போட்டு உழைத்த இந்தியக் காவல் அதிகாரிகளான அஜீசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் இருவரின் பெயரையும் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்தது.

ரேகை எடுக்கும் பயிற்சி அருமை. கண்ணாடித் தம்ளரில் பொடியைப் பூசியபோது தூரிகையைக் கொஞ்சம் அழுத்திவிட்டேன். ரேகைக் கோடுகள் தீற்றலாகிவிட்டன. நுனி மட்டும் பட வேண்டும் என்பது நான்காவது தம்ளரில்தான் கைக்கு வந்தது. காகிதத்தில் பொடி அவ்வளவாக எடுபடாது. வியர்வையில் உள்ள அமினோ அமிலங்களோடு வினைபுரிந்து ஊதா நிறம் தரும் நின்ஹைட்ரின் வேண்டும். அதைக் காணொளியில் மட்டும் காட்டினார்கள்.

நான் தோற்றது அடுத்த பயிற்சியில். சான்றுப்பொருளை உறையிலிட்டு, ஒட்டி, படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். ஒட்டிய விளிம்பின் குறுக்கே கையெழுத்தும் தேதியும் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் முறை, யாரிடமிருந்து எத்தனை மணிக்கு வாங்கினேன் என்று எழுதவில்லை, மீண்டும் நிராகரிப்பு. ஈரமான ரத்தத் துணியைப் பிளாஸ்டிக் பையில் இட்டால் பூஞ்சை பிடிக்கும், உலர்த்திக் காகித உறையில் இட வேண்டும் என்பதையும் இங்கேதான் கற்றேன். எத்தனை துல்லியமாகச் சோதித்தாலும், பொருள் கைமாறிய வரலாற்றில் ஓர் ஓட்டை இருந்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அது போதும்.

தவறுகளை மறைக்காதது இவர்களின் பெரிய பலம். 2004 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் கிடைத்த ரேகையை எஃப்.பி.ஐ. சம்பந்தமே இல்லாத ஒருவருடையது என்று சொன்ன கதைக்கு ஒரு முழு வகுப்பு. ரத்தக்கறையைத் தேடத் தெளிக்கும் லூமினால் என்ற வேதிப்பொருள் ஒளிர்ந்தால் ரத்தம்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். சலவை வெளுப்பானுக்கும் அது ஒளிருமாம். மரபணுச் சோதனை முதன்முதலில் ஒரு கொலை வழக்கில் பயன்பட்டபோது, குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்த ஓர் இளைஞனை அது விடுவித்தது. உண்மைக் குற்றவாளி பிறகுதான் சிக்கினான்.

வேலைவாய்ப்புப் பாடம்தான் ஏமாற்றம். சம்பவ இடத்தில் தடயம் சேகரிப்பவர், ஆய்வகத்தில் சோதிப்பவர், பிரேதப் பரிசோதனை செய்யும் மருத்துவர் ஆகிய மூவரையும் ஒரே ஆள்போலக் காட்டிவிட்டார்கள். வேதியியல் படித்தவர் நச்சுப் பகுப்பாய்வுக்கும், உயிரியல் படித்தவர் மரபணுப் பிரிவுக்கும், கணினி தெரிந்தவர் கைப்பேசித் தடயங்களுக்கும் போகலாம் என்பதை நானே தேடிப் படித்தேன். அறிக்கை எழுதியவரே நீதிமன்றக் கூண்டில் ஏறிக் குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்ல நேரிடும் என்பதற்கு ஒரே ஒரு வரி! அதற்கு ஒரு மாதிரிப் பயிற்சியாவது வைத்திருக்கலாம்.

பட்டப்படிப்புக்கு முன் ருசி பார்க்க நினைப்பவர்கள் தாராளமாகச் சேரலாம். இந்தச் சான்றிதழை மட்டும் நம்பி வேலை தேடாதீர்கள். பயிற்சியின்போது மேசையில் பழைய செய்தித்தாளை விரித்துக்கொள்ளுங்கள். என் வெள்ளைச் சட்டையின் கைப்பட்டியில் அந்தக் கரும்பொடி இன்னும் இருக்கிறது.