மதுரைக்குப் போகிறீர்களா? முதலில் தெருவைப் பாருங்கள்

லண்டனிலிருந்து குடும்பத்தோடு மதுரைக்குக் கிளம்புகிறவர்கள் விமான டிக்கெட்டுக்கு மெனக்கெடுகிற அளவுக்கு, எந்தத் தெருவில் தங்கப்போகிறோம் என்பதற்கு மெனக்கெடுவதில்லை. அதைச் சரியாகப் பிடித்துவிட்டால் சாப்பாடு, கோயில், கடைவீதி எல்லாம் தானாக அமைந்துவிடும். செல்லூரில் இருந்த எங்கள் வீட்டைக் கொடுத்தாயிற்று, சொந்தக்காரர்களும் பாதிப் பேர் சென்னை, கோயம்புத்தூர் என்று போய்விட்டார்கள். அதனால் இந்த முறை சொந்த ஊரிலேயே அறை எடுத்துத் தங்கினோம். கணவர், லண்டனிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள், முழங்கால் வலியோடு என் அத்தை என்று எல்லா வயதுக்காரர்களும் கூட இருந்தார்கள்.

பழைய மதுரையின் கணக்கு எளிது. கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி, அடுத்தது ஆவணி மூல வீதி, அப்புறம் மாசி வீதி, கடைசியாக வெளி வீதி. மேல வெளி வீதியில் ரயில் நிலையம். அதற்கு எதிரே டவுன்ஹால் ரோட்டிலும் பக்கத்துச் சந்துகளிலும் லாட்ஜுகள் வரிசையாக இருக்கின்றன. நன்றாக நடக்க முடிகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. அதிகாலையில் எழுந்து கோயிலுக்கு நடந்தே போகலாம், இரவு பள்ளியறை பூஜை பார்த்துவிட்டு நடந்தே திரும்பலாம்.

ஆனால் பெரியவர்களோடு போனால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் முதலில் பதிவு செய்த லாட்ஜில் லிஃப்ட் உண்டு என்றுதான் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் லிஃப்ட் முதல் மாடியிலிருந்துதான் தொடங்குகிறது. வரவேற்பறைக்கே செங்குத்தான படி ஏறித்தான் போக வேண்டும். அத்தை பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கியதைப் பார்த்து எனக்குக் கோபமே வந்துவிட்டது. 'லிஃப்ட் இருக்கா' என்று கேட்டால் போதாது. 'ரோட்டுல இருந்து ரூம் வரைக்கும் படி ஏறாம வர முடியுமா' என்று கேளுங்கள். கழிப்பறையில் பிடிமானக் கம்பி உண்டா என்பதையும் அதே போனில் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, பாஸ்போர்ட். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்கள் தங்கினால் விடுதிக்காரர் 24 மணி நேரத்துக்குள் அவர்களுடைய விவரங்களை அரசின் இணையதளத்தில் பதிவேற்ற வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். அந்த வேலைக்குப் பயந்தே சில சின்ன லாட்ஜுகள் கடைசி நிமிடத்தில் அறை இல்லை என்று கைவிரிக்கின்றன. பதிவு செய்யும்போதே சொல்லிவிட்டால் இரவு நேரத்தில் பெட்டியோடு தெருவில் நிற்க வேண்டியிருக்காது.

அத்தைக்காக நாங்கள் வைகையைத் தாண்டித் தல்லாகுளம் பக்கம் மாறினோம். அழகர் கோயில் சாலையில் நடைபாதை ஓரளவு அகலம், வண்டி வாசலுக்கே வருகிறது. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல் தமிழ்நாடு இந்தச் சாலையிலும் ஒன்று இருக்கிறது, மேல வெளி வீதியிலும் ஒன்று இருக்கிறது. செலவைப் பற்றிக் கவலையில்லை என்றால் பசுமலை மேலே இருக்கிற கேட்வேயில் தங்கலாம், ஊர் முழுக்கக் கண்ணுக்குக் கீழே தெரியும். கோச்சடையில் இருக்கிற ஹெரிடேஜ், இலங்கையின் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1970களில் மதுரா கிளப்பாக வடிவமைத்த இடம். கட்டடத்தில் ஆர்வம் உள்ளவர்கள் அதற்காகவே போகலாம்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். தல்லாகுளத்தில் தங்கினால் அம்மா மெஸ், குமார் மெஸ் இரண்டும் பக்கம். அயிரை மீன் குழம்பு கிடைக்கிற நாளில் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். விரல் நீளம்கூட வராத ஆற்று மீன் அது. உயிரோடு வாங்கிப் பாலில் விட்டு, மண்ணைக் கக்க வைத்துச் சுத்தம் செய்த பிறகுதான் குழம்புக்குப் போகும். அத்தை கல்யாணமாகி வந்த புதிதில் செய்த குழம்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இரண்டாவது முறை சோறு வாங்கினார். லண்டனில் அவர் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

கறி தோசைக்குச் சிம்மக்கல். கோனார் கடை எல்லோருக்கும் தெரிந்த பெயர். அந்தப் பக்கத்தில் வேறு கடைகளும் நன்றாகவே போடுகிறார்கள். நாங்கள் போன கடையில் கல்லுக்கு முன்னாலேயே இடம் கிடைத்தது. மாஸ்டர் மாவைக் கனமாக ஊற்றினார், அது வேகும் முன்பே முட்டையை உடைத்துப் பரப்பினார். அதன்மேல் கொத்துக்கறியை அள்ளி வைத்துக் கரண்டியால் அழுத்திவிட்டு, ஓரமெல்லாம் எண்ணெய் விட்டுப் புரட்டிப் போட்டார். கறி கல்லில் பட்டதும் மிளகு வாசனை தெரு வரைக்கும் போயிற்று. 'ஒண்ண வாங்கி ரெண்டு பேரா சாப்பிடுங்கக்கா, பிள்ளைகளுக்குத் தாங்காது' என்று அவரே சொன்னார். விற்கிறவரே குறைத்து வாங்கச் சொல்கிற ஊர் என்று பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு மேலச் சித்திரை வீதி கோபு ஐயங்கார் கடை வெள்ளையப்பம். ரயில் ஏறும் முன் ஸ்டேஷன் பக்கத்துப் பிரேம விலாஸில் சூடான அல்வா. காலை நேரத்தில் தெருவோரத்துப் பருத்திப்பாலைத் தவற விடாதீர்கள். பருத்திக்கொட்டையை அரைத்துப் பிழிந்த பாலில் கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் காய்ச்சுவார்கள், வயிற்றுக்கு இதம். ஜிகர்தண்டாவுக்கு விளக்குத்தூண். சுண்டக் காய்ச்சிய பால், கடல்பாசி, நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். வெளிநாட்டு வயிறு என்று பயப்படுகிறவர்கள் ஊருக்கு வந்தவுடன் ஐஸ் சேர்த்த எதையும் தொடாமல், இரண்டு நாள் கழித்துக் குடிக்கலாம்.

பணம் கொடுப்பதுதான் வெளியூர்க்காரர்களுக்கு இப்போது பெரிய சிக்கல். பூக்காரம்மா முதல் ஆட்டோக்காரர் வரை க்யூஆர் அட்டையை நீட்டுகிறார்கள். ஐநூறு ரூபாய்த் தாளுக்குச் சில்லறை கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ வங்கிக் கணக்கு இருந்தால் பிரிட்டன், சிங்கப்பூர், அமெரிக்கா, கனடா உள்ளிட்ட சில நாடுகளின் போன் எண்ணிலேயே யுபிஐ இணைக்கலாம். 2023 முதல் இந்த வசதி உண்டு. உங்கள் வங்கி அதைத் தருகிறதா என்று கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். கணக்கு இல்லாதவர்கள் ஐம்பது, நூறு ரூபாய்த் தாள்களாகக் கையில் வைத்திருங்கள்.

ஆட்டோவில் மீட்டரை எதிர்பார்க்க வேண்டாம். செயலியில் என்ன கட்டணம் காட்டுகிறது என்று பார்த்துவிட்டுப் பேசினால் அடாவடி இருக்காது. நகரத்துச் சாதாரண அரசுப் பேருந்தில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணமில்லை. அத்தையும் நானும் தெப்பக்குளத்துக்கு அதில்தான் போனோம். நடத்துநர் கொடுத்த இலவசச் சீட்டை அத்தை பத்திரமாகப் பர்ஸில் வைத்துக்கொண்டார்.

கோயிலுக்குள் செல்போன் கூடாது. வாசலில் ஒப்படைத்துச் சீட்டு வாங்க வேண்டும், அதனால் அறையிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது. மதியம் பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்தினால் மாலை நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். சித்திரை வீதிக்குள் வண்டி விடுவதில்லை, முடியாதவர்களுக்கு அந்தத் தூரத்தையும் கணக்கில் வையுங்கள். ஒரே ஒரு தடவைதான் போக முடியும் என்றால் இரவில் போங்கள். சொக்கநாதர் வெள்ளிப் பல்லக்கில் அம்மன் சன்னதிக்கு வரும்போது நாதஸ்வரமும் சாம்பிராணிப் புகையுமாகக் கூட்டம் பின்னாலேயே நடக்கும். என் மகள் கேள்வி எதுவும் கேட்காமல் கூடவே நடந்தாள்.

பிள்ளைகளோடு போகிறவர்கள் கீழடிக்கு அரை நாள் ஒதுக்க வேண்டும், இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. மதுரையிலிருந்து 12 கிலோமீட்டர்தான். 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீடுகளின் பாணியில் கட்டப்பட்டது. பானை ஓட்டில் கீறியிருக்கும் 'ஆதன்' என்ற பெயரைக் காட்டியபோது, தமிழ்ப் பள்ளிக்குப் போக முரண்டு பிடிக்கிற என் மகன் தமிழி என்கிற அந்தப் பழைய தமிழ் எழுத்தில் ஒவ்வோர் எழுத்தாகக் கண்டுபிடித்துப் படித்தான். வெயில் ஏறும் முன் போய்விடுங்கள். வெயில் நேரத்துக்குப் புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. குளிர்சாதனம், சுத்தமான கழிப்பறை, பிள்ளைகளுக்கென்று தனிப் பகுதி, எல்லாம் இலவசம். மாலையில் தெப்பக்குளக் கரை, காற்றும் சுண்டலும்.

சித்திரைத் திருவிழாவுக்குப் போக நினைக்கிறவர்கள் மட்டும் இப்போதே அறையைப் பிடியுங்கள். திருக்கல்யாணம், தேர், அழகர் ஆற்றில் இறங்குவது என்று நாட்கள் அடுத்தடுத்து வரும்போது வாடகை எகிறிவிடும், பாலங்களில் வண்டி நகராது. மதுரைக்கு வரும் அழகரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவை தல்லாகுளம் பக்கமே நடப்பதால் அழகர் கோயில் சாலையில் அறை கிடைத்தால் பெரியவர்களும் கூட்டத்துக்குள் அல்லாடாமல் அழகரைப் பார்க்கலாம். சாலையைப் பார்த்த அறையாகக் கேளுங்கள்.