எக்ஸ்சேஞ்சில் கொடுத்த சிட்டி இன்னும் என் பெயரில்: மலை நண்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மேட்டுப்பாளையம் அடிவாரத்தில் உள்ள ஒரு காவல் நிலையத்திலிருந்து போன் வந்தது. "டிஎன் 43 ஹோண்டா சிட்டி உங்க வண்டிதானுங்களே? நேத்து ராத்திரி ஒரு பைக்காரரை அடிச்சிருக்கு. ஓட்டினவன் வண்டியை விட்டுட்டு ஓடிட்டான். ஆர்சி, இன்சூரன்ஸ் எடுத்துக்கிட்டு வாங்க." அந்த வண்டியை நான் கொடுத்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

எனக்கு ஊர் கட்டபெட்டு பக்கம். சிட்டி 2002 மாடல், 1.5 விடெக், அதாவது வேகமாகச் சுற்றும்போது வால்வுகளின் திறப்பை மாற்றிக் கூடுதல் சக்தி தரும் ஹோண்டா இன்ஜின். கார் பிடித்தவர்களுக்கு இந்தப் பெயரே போதும். 1,493 சிசி, 6,800 ஆர்பிஎம்மில் 106 குதிரைத்திறன். இந்தக் காலக் கணக்கில் பெரிய எண் இல்லைதான். ஆனால் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும்போது இரண்டாவது கியரில் மிதித்துப் பிடித்தால், முள் மேலே போகப் போக இன்ஜின் சத்தம் மாறும் பாருங்கள், அதற்காகவே காரணமில்லாமல் அடிவாரம் போய்த் திரும்பிய நாட்கள் உண்டு. பன்னிரண்டு வருடம் வைத்திருந்தேன். டைமிங் பெல்ட்டை இரண்டு முறை மாற்றினேன். ஆயில் மாற்றிய ஒவ்வொரு தேதியும் ஒரு நோட்டில் இருக்கிறது.

பின் ஏன் கொடுத்தேன்? வீடு மாறினோம். புது வீடு தேயிலைத் தோட்டத்துக்குள், கடைசி முக்கால் கிலோமீட்டர் மண் பாதை. நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரியது. அந்தப் பாதையில் சிட்டியின் வயிறு கல்லில் உரசும் ஒவ்வொரு முறையும் எனக்கு உடம்பு கூசும். இரண்டு முறை டிராக்டர் வைத்து இழுத்தோம். சரி, இதை இப்படிக் கொடுமைப்படுத்த வேண்டாம், ரசித்து ஓட்டுகிறவர் யாரிடமாவது போகட்டும் என்று முடிவு செய்தேன்.

பதிலுக்கு மனதில் இருந்தது ஜிப்ஸி, நான்கு சக்கரமும் இழுக்கும் மாருதியின் ஜீப் மாதிரி வண்டி. 1,298 சிசி இன்ஜின், எடை ஒரு டன்னுக்கும் குறைவு, நான்கு பக்கமும் லீஃப் ஸ்பிரிங் (அடுக்கிய இரும்புப் பட்டைகள்), குறுகலான உடம்பு. தோட்டப் பாதைக்கு அதைவிடப் பொருத்தமான வண்டி எனக்குத் தெரியாது. 2019-ல் பொதுமக்களுக்கு விற்பதை நிறுத்தியபிறகு நல்ல ஜிப்ஸி கிடைப்பதும் அரிதாகிவிட்டது. அடிவாரத்தில் பழைய கார் வாங்கி விற்கும் ஒருவரிடம் 2009 மாடல் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். பெயின்ட் வெளிறிப்போய், தார்ப்பாய் கிழிந்து, பார்க்கக் கரடுமுரடாகத்தான் இருந்தது. ஓட்டிப் பார்த்த பத்தாவது நிமிடம் மனதைக் கொடுத்துவிட்டேன். அந்த ஆள் அதைப் பார்த்துவிட்டார் என்று இப்போது புரிகிறது.

அவர் கணக்கு: ஜிப்ஸி 3,40,000, என் சிட்டி 1,60,000, மீதி 1,80,000 நான் தர வேண்டும். ஒரு லட்சத்தை வங்கி வழியாக அனுப்பினேன். எண்பதாயிரத்தை ரொக்கமாகக் கேட்டார், கொடுத்தேன். ரொக்கத்துக்கு ரசீது இல்லை.

முதலில் ஜிப்ஸியில் நடந்த ஏமாற்று. நான்கு சக்கரமும் இழுக்கிறதா என்று கேட்டேன். லீவரைப் போட்டுக் காட்டினார், டேஷ்போர்டில் விளக்கு எரிந்தது. தார் ரோட்டில் நேராக ஓட்டிக் காட்டி, "பாத்தீங்கல்லண்ணா, பக்கா" என்றார். ஐப்பசியில் முதல் பெருமழை. எங்கள் பாதையின் ஏற்றத்தில் பின் சக்கரங்கள் சேற்றில் சுற்றுகின்றன, முன் சக்கரங்கள் அசையவே இல்லை. குன்னூரில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணன் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, முன்பக்க ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டே இல்லையே" என்றார். இன்ஜின் சக்தியை முன் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் தண்டு அது. லீவர் மாறியதை மட்டும்தான் அந்த விளக்கு சொல்லும், சக்கரத்துக்குச் சக்தி போனதா என்பது அதற்குத் தெரியாது. நான் பார்த்தது அந்திநேரம், மழைத் தூறல், செல்போன் டார்ச் வெளிச்சம். அடியில் கையை விட்டுத் தடவியிருந்தால்கூடத் தெரிந்திருக்கும்.

நீங்கள் பார்க்கும்போது மண் தரையில், ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் ஃபோர் வீலில் போட்டு ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக நகர்த்துங்கள். இந்த மாதிரி வண்டியில் முன், பின் சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் நடுவில் கிடையாது, அதனால் முன் ஆக்ஸில் உண்மையிலேயே இணைந்திருந்தால் வண்டி இறுகித் திக்கித் திக்கித்தான் திரும்பும். வெண்ணெய் மாதிரித் திரும்பினால் சந்தேகப்படுங்கள்.

அடுத்தது சேசிஸ், வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம். அடியில் முழுக்கக் கறுப்பாகத் தாராளமாகப் பூசியிருந்தார்கள். பராமரித்த வண்டி என்று நான் நினைத்தேன். மெக்கானிக் அண்ணன் சின்னச் சுத்தியலால் நெடுகத் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல இரும்பு கணீரென்றது. பின் ஸ்பிரிங் மாட்டும் இடத்தில் சத்தம் அமுங்கியது. அங்கே ஸ்க்ரூடிரைவரை அழுத்தினார், கைப்பிடி வரை உள்ளே போனது. பெட்டி மாதிரி மூடிய சட்டத்துக்குள் சேறு புகுந்தால் நம் ஊர் மூடுபனியில் அது காய்வதே இல்லை, உள்ளிருந்தே அரிக்கும். மலையில் ஓடிய பழைய ஜீப், ஜிப்ஸி எதுவானாலும் புதுக் கறுப்புப் பூச்சைப் பார்த்தால் சுத்தியல் இல்லாமல் பேசாதீர்கள். கோயம்புத்தூர் உக்கடத்தில் தேடிப் பழைய ஷாஃப்ட் ஒன்று வாங்கி, சட்டத்தை வெட்டித் தகடு வைத்து வெல்டிங் செய்து, 62,000 ரூபாய் செலவு. அந்த ஆளிடம் கேட்டேன். "பழைய வண்டின்னா அப்படித்தாண்ணா இருக்கும், பார்த்துத்தானே எடுத்தீங்க" என்றார். அதன்பிறகு போனை எடுக்கவில்லை.

இதைக்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். சரிசெய்தபிறகு ஜிப்ஸி அவ்வளவு நல்ல துணையாகிவிட்டது. முதுகு வலிக்கும், குளிர்க்காற்று உள்ளே வரும், பேசினால் கேட்காது, ஆனாலும் மழையில் அந்த ஏற்றத்தை அது மெல்லமெல்ல ஏறும்போது என் மகள் கைதட்டுகிறாள். என்னை இந்தப் பதிவை எழுத வைத்தது சிட்டி.

வண்டி மாற்றிய அன்று, உரிமை மாற்றத்துக்கான ஃபார்ம் 29, ஃபார்ம் 30 இரண்டையும் நிரப்பாமல் நீட்டி, "கையெழுத்து மட்டும் போடுங்கண்ணா, வாங்கற ஆள் வந்ததும் பேரை நாங்க எழுதிக்கிறோம்" என்றார். ஆர்சியையும் வாங்கிக்கொண்டார். ஜிப்ஸியின் சாவி கையில் இருந்த சந்தோஷத்தில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டேன். ஒரு படம்கூட எடுத்து வைக்கவில்லை. பெயர் மாறவே இல்லை. யாரோ ஒருவர் வாங்கி, அவர் இன்னொருவருக்குக் கொடுத்து, கையெழுத்திட்ட வெற்றுத் தாள்களோடு என் வண்டி கை மாறிக்கொண்டே இருந்திருக்கிறது. ஜனவரியில் இன்சூரன்ஸ் முடிந்தது, யாரும் புதுப்பிக்கவில்லை. நடுவில் அதிவேகத்துக்கு இரண்டு இ-சலான் என் போனுக்கு வந்தன. அந்த ஆளுக்கு அனுப்பி வைத்ததோடு நின்றுவிட்டேன். அப்போதே ஆர்டிஓ அலுவலகத்துக்கு ஓடியிருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை வக்கீல் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மோட்டார் வாகனச் சட்டம் 50-வது பிரிவின்படி, மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டியது விற்றவர். அதாவது நான். விபத்து இழப்பீட்டில் ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த வழக்கிலும் வண்டி பல கை மாறியிருந்தது. இன்சூரன்ஸும் இல்லாததால் அடிபட்டவருக்கான தொகை என் தலையில் வந்து நிற்கலாம். அவருக்குக் கால் எலும்பு முறிவு, கூலி வேலை செய்கிறவர். மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்தேன். அவர் மனைவியிடம் "அது என் வண்டி இல்லைங்க" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வியாபாரிகளுக்கென்றே விதி வந்திருக்கிறது. ஆர்டிஓவிடம் அங்கீகாரம் பெற்ற வியாபாரி என்றால், வண்டியை ஒப்படைக்கும்போது, அது அவரிடம் போனதைத் தெரிவிக்கும் ஃபார்ம் 29சி-யை ஆன்லைனில் பதிய வேண்டும். அதன்பிறகு அந்த வண்டிக்கு அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். நான் கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வி, "உங்களுக்கு அங்கீகாரச் சான்று இருக்கா?" என்பதுதான். இல்லையென்றால் நிஜமாக வாங்குகிறவர் பெயரையும் முகவரியையும் எழுதாமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். தேதி, நேரம், கிலோமீட்டர் எழுதி டெலிவரி நோட் வாங்குங்கள். வாங்குகிறவரின் அடையாள அட்டை நகல் வேண்டும். பெயர் மாறும்வரை ஒரு தொகையைப் பிடித்து வையுங்கள், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

இப்போது காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்திருக்கிறேன். ஊட்டி ஆர்டிஓ அலுவலகத்திலும் மனு கொடுத்தாயிற்று. ஜிப்ஸிக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுகிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், வியாபாரியின் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஆனால் ரொக்கமாகப் போன எண்பதாயிரத்தை எப்படி நிரூபிப்பது என்று வக்கீல் கேட்கிறார், என்னிடம் பதில் இல்லை.

காவல் நிலைய வளாகத்தில் சிட்டியைப் பார்த்தேன். முன் பக்கம் நசுங்கி, ஒரு விளக்கு தொங்கிக்கொண்டிருந்தது. பின் கண்ணாடியில் மகள் ஒட்டிய பட்டாம்பூச்சி ஸ்டிக்கர் அப்படியே இருந்தது.

திரும்பி வந்ததும் மைத்துனரிடம் நடந்ததைச் சொன்னேன். 2018-ல் எக்ஸ்சேஞ்சில் கொடுத்த தன் ஆல்டோவின் நம்பரை அங்கேயே உட்கார்ந்து, வண்டி விவரம் காட்டும் அரசு செயலியான எம்பரிவாகனில் தட்டிப் பார்த்தார். உரிமையாளர் பெயரில் பாதி எழுத்து மறைந்திருந்தது. தெரிந்த எழுத்துகள் அவருடையவை.