அலாய் வீலின் விடாப்பிடிக் கறைகள்: ஷாம்பு, அமிலம், அயர்ன் ரிமூவர், மண்ணெண்ணெய்

அலுமினியப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்கக் கூடாது என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். அதே வீட்டின் வாசலில் நிற்கும் காரின் அலாய் வீலும் அலுமினியக் கலவையில் வார்த்ததுதான் என்பது, கறையைக் கண்டவுடன் எலுமிச்சையையும் வினிகரையும், பொறுமை போனால் கழிவறை கழுவும் திரவத்தையும் கையில் எடுக்கும்போது மறந்துவிடுகிறது. வீலுக்கும் இந்தத் திரவங்களுக்கும் நடுவே இருப்பது கிளியர் கோட் எனப்படும் நிறமற்ற மெல்லிய பூச்சு மட்டுமே. அது முழுதாக இருக்கும்வரை பெரும்பாலான தவறுகளை வீல் பொறுத்துக்கொள்ளும். கல் பட்டோ நடைபாதை விளிம்பில் உரசியோ பூச்சு ஓரிடத்தில் விட்டுப்போயிருந்தால், அமிலமும் காரமும் நேராக அலுமினியத்தைத் தின்னத் தொடங்கும்.

எதை வாங்குவது என்று கேட்பதற்கு முன் எந்தக் கறை என்று பார்க்க வேண்டும். முன்வீல்களில் செம்பழுப்பாக, விரல் நகத்தால் சுரண்டினாலும் வராமல், மணல் தூவியதுபோலத் தெரியும் புள்ளிகள் பிரேக் தூசி. பிரேக் பிடிக்கும்போது, வீலோடு சுழலும் வார்ப்பிரும்பு டிஸ்க்கிலிருந்தும் அதை அழுத்திப் பிடிக்கும் பேடிலிருந்தும் தேய்ந்து பறக்கும் இரும்புத் துகள்கள் சூட்டோடு பூச்சில் பதிந்து, பிறகு ஈரம் பட்டுத் துருப்பிடிக்கின்றன. வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குகளுடையது. நம் ஊர்க் கார்கள் பலவற்றில் பின்னால் இருப்பது மூடிய டிரம் பிரேக். எனவே ஒரே நாளில் கழுவிய நான்கு வீல்களில் முன்னிரண்டு மட்டும் சீக்கிரம் கறுப்பதில் வியப்பில்லை. கறுப்பாக, ஒட்டும் தன்மையோடு, பெரும்பாலும் ரிம்மின் உட்புறத்தில் இருப்பது தார். வெள்ளை வளையங்களாகத் தெரிவது போர் தண்ணீர் காய்ந்த உப்பு.

வாரம் ஒரு முறை கழுவும் வண்டிக்கு சாதாரண கார் ஷாம்புவே போதும் என்பது என் கருத்து. ஆனால் பதிந்துவிட்ட இரும்பை அது அசைக்காது. எவ்வளவு தேய்த்தாலும் நுரைதான் கறுக்கும், புள்ளி அப்படியே இருக்கும்.

அப்போதுதான் அமிலம் ஆசை காட்டுகிறது. வாட்டர் சர்வீஸ் கடை ஒன்றில் ஒரு முறை, எந்தப் பெயரும் ஒட்டாத கேனிலிருந்து எதையோ மக்கில் ஊற்றித் தண்ணீர் கலந்து என் வீல்களில் அடித்தார்கள். அரை நிமிடத்தில் கறை போய்ப் புது வீல் போலப் பளபளத்தது. நானும் மகிழ்ந்து கூடுதலாகப் பணம் கொடுத்துவிட்டு வந்தேன். சில வாரங்களில் வீல் நட்டுகள் துருப்பிடித்தன. பழைய உரசல் இருந்த ஓரத்தில் சாம்பல் நிறத் திட்டு ஒன்று தோன்றியது. அதை இன்றுவரை எதைக் கொண்டும் போக்க முடியவில்லை. கழிவறை திரவங்களில் இருக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரும்புத் துருவை விரைவாகக் கரைக்கும், உண்மைதான். ஆனால் துருவோடு அது நிற்பதில்லை: நட்டு, டிஸ்க், குரோம் முலாம், பூச்சு விட்ட அலுமினியம் எல்லாவற்றிலும் வேலையைக் காட்டும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் சேர்ந்த வீல் கிளீனர்கள் இன்னும் மோசமானவை; நீர்த்த நிலையில் தோலில் பட்டால் உடனே வலிக்காது, உள்ளே இறங்கிய பிறகுதான் தெரியும். லேபிள் இல்லாத எதையும் வீலில் அடிக்க விடாதீர்கள்.

இரும்புக் கறையை நீக்கவென்றே விற்கும் அயர்ன் ரிமூவர் வேறு வழியில் வேலை செய்கிறது. இதில் இருப்பது தயோகிளைகோலேட் என்ற உப்பு. முடியைச் சுருளாக்கும் அழகுநிலைய மருந்துகளிலும் இதன் உறவுக்கார உப்பு உண்டு. பல தயாரிப்புகள் அமிலமும் அல்லாத காரமும் அல்லாத நடுநிலையில் இருப்பவை. தெளித்த ஓரிரு நிமிடத்தில் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஊதா நிறம் கசிந்து, நாவல்பழச் சாறு போல ஸ்போக் வழியே ஒழுகும். அந்த நிறம் இரும்போடு அது சேர்ந்ததற்கான அடையாளம். நிறம் மாறாத இடத்தில் இருப்பது பெரும்பாலும் இரும்புக் கறை அல்ல என்பதால், கறையை இனங்காணவும் இது உதவுகிறது. குறைகளும் உண்டு. அழுகிய முட்டையை நினைவூட்டும் நாற்றம் அடிக்கும். சில நூறு ரூபாய் பாட்டில் சில கழுவல்களிலேயே தீரும். வெயிலில் காய விட்டால் அதுவே கறையாகும். எனவே வீல் கை பொறுக்கும் அளவுக்கு ஆறிய பின், நிழலில், கையுறையோடு, லேபிளில் சொன்ன நேரத்துக்கு மேல் விடாமல் கழுவ வேண்டும். அமிலம் அரை நிமிடத்தில் முடிப்பதை இது இரண்டு சுற்றில் முடிக்கும். பூச்சைக் காப்பாற்ற அந்தத் தாமதம் எனக்குச் சம்மதம்.

தாரிடம் அயர்ன் ரிமூவர் தோற்றுவிடும். இங்கே மண்ணெண்ணெய் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அதன் எண்ணெய்ப் பசை டிஸ்க்கிலோ பேடிலோ பட்டால் பிரேக் பிடிப்பு குறையும், டயர் ரப்பருக்கும் அது ஆகாது. ஆகவே தெளிக்காமல் துணியில் நனைத்து ஒற்றியெடுத்து, உடனே ஷாம்பு போட்டுக் கழுவ வேண்டும். பெட்ரோலை இதற்குப் பயன்படுத்துவது தீயோடு விளையாட்டு. காலில் ஒட்டிய தாருக்குப் பாட்டி தடவிய தேங்காய் எண்ணெய் வீலுக்கும் பொருந்தும்; கால் மணி நேரம் ஊற வேண்டும், அவ்வளவுதான்.

உப்புக் கறைக்கு மட்டும் வினிகருக்கு இடம் உண்டு. பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, பூச்சு முழுதாக இருக்கும் இடத்தில் துணியால் ஒரு நிமிடம் ஒற்றி, நிறையத் தண்ணீர் விட்டால் சுண்ணப் படிவம் கரையும்.

தேய்க்கும் கருவிகளில், பாத்திரம் துலக்கும் கம்பி நாரைக் கிட்டவே கொண்டுவராதீர்கள். ஒரு முறை தேய்த்தால் கறையோடு பளபளப்பும் போகும். அந்தக் கீறல்களில் அடுத்த தூசி இன்னும் இறுகிப் பிடிக்கும். ரசாயனத்துக்குப் பிறகும் மிச்சமிருக்கும் சொரசொரப்புக்கு, சோப்பு நீரில் வழுக்கவிட்டு மெல்லத் தேய்க்கும் கிளே பார் நல்லது; பதிந்த துகள்களை ஒட்டி எடுக்கும் களிமண் போன்ற கட்டி அது. வீலுக்குப் பயன்படுத்திய கிளே கட்டியை மட்டும் வண்டியின் பெயின்ட்டில் வைத்துவிடக் கூடாது.

பூச்சுக்கு அடியில் வெள்ளைப் புழு ஊர்ந்ததுபோலத் தெரியும் கோடுகளுக்கு மேலே சொன்ன எதுவும் உதவாது. அது கறையல்ல, அரிப்பு. முகப்பை இயந்திரத்தில் சீவிப் பளபளப்பாக்கிய டைமண்ட் கட் வீல்களில் அதிகம் காணலாம். பூச்சை முழுதாக எடுத்து வீலைப் புதுப்பிக்கும் கடைக்குத்தான் போக வேண்டும்.

எதைக் கொண்டு கழுவினாலும், முடித்தவுடன் வண்டியை அப்படியே நிறுத்திவிடாமல் தெருவில் மெதுவாக ஒரு சுற்று ஓட்டி, நாலைந்து முறை பிரேக்கை மிதித்து டிஸ்க்கைக் காய வையுங்கள். ஈரத்தோடு இரவு முழுக்க நின்றால் டிஸ்க்கில் காவி நிறத் துரு படர்ந்து, மறுநாள் காலை முதல் பிரேக்கிலேயே கழுவிய வீலின் மேல் வந்து விழும்.