மூன்று கேஜ் மாட்டி மூன்று வருடம்: எது மிஞ்சியது

வண்டி 2014 ஃபியட் லீனியா டி-ஜெட் கார், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. 1368 சிசி டர்போ பெட்ரோல், கம்பெனி கணக்கில் 114 பிஎஸ். ரீமேப் செய்து (என்ஜின் கம்ப்யூட்டரின் மேப்பை, அதாவது பெட்ரோல், பூஸ்ட் அளவுகளை மாற்றி), டர்போ காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரைப் பெரிதாக்கி, எக்ஸாஸ்டையும் மாற்றியபின், என்ஜினுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டாமா என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு மூன்று கேஜ் வாங்கினேன்: பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்), வைட்பேண்ட் (எக்ஸாஸ்ட் புகையை வைத்துக் காற்று-பெட்ரோல் கலவையைக் காட்டுவது), ஆயில் பிரஷர். உண்மையில் இரவில் மூன்று டயல் வரிசையாக எரிந்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்ற ஆசைதான்.

பெங்களூர் வில்சன் கார்டனில் ஷெட் வைத்திருக்கும் தர்மபுரி அண்ணன் அன்றைக்கே சொன்னார்: "பூஸ்ட் ஏறுறது முதுகுக்கே தெரியும் தம்பி, அதுக்கு எதுக்கு ஒரு மீட்டரு? ஆயிலுக்கு மட்டும் போடு." நான் எங்கே கேட்டேன்.

முதல் இரண்டு மாதம் பூஸ்ட் முள்ளைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. அதில் ஒரு குழப்பம் வேறு. கார் கம்ப்யூட்டரின் தகவலைப் போனுக்கு அனுப்பும் ஓபிடி டாங்கிள் வழியாகப் போனில் தெரியும் பூஸ்ட் எப்போது பார்த்தாலும் கேஜைவிட 0.1 பார் குறைவு. கேஜ் மட்டம் என்று முடிவுகட்டி அதை விற்ற ஜேசி ரோட்டுக் கடைக்காரரிடம் சண்டைக்குக் கிளம்பும் நேரத்தில், என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் போட்டுப் பார்த்தேன். போன் மைனஸ் 0.1 என்றது. அப்புறம்தான் புரிந்தது, பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரம், இங்கே காற்றழுத்தமே கிட்டத்தட்ட 0.91 பார்தான். காரின் சென்சார் மொத்த அழுத்தத்தை அளக்கிறது, ஆப் அதிலிருந்து கடல் மட்டத்து 1.01-ஐக் கழித்துவிடுகிறது. ஹோஸில் ஓடும் கேஜோ சுற்றியுள்ள காற்றோடு ஒப்பிட்டுக் காட்டுவது, ஆகவே அதுதான் சரி. சென்னைக்குப் போயிருந்தபோது இரண்டும் ஒரே எண்ணைக் காட்டின. கடைக்காரர் தப்பித்தார்.

ஆனால் அதற்குமேல் அந்த கேஜால் பெரிய லாபம் இல்லை. ஒருமுறை ஓசூர் ரோட்டில் இன்டர்கூலர் ஹோஸ் கிளாம்பிலிருந்து கழன்றுகொண்டது, பூஸ்ட் 0.9 வர வேண்டிய இடத்தில் 0.2 தாண்டவில்லை. முள்ளைப் பார்த்தா கண்டுபிடித்தேன்? வண்டி கட்டை வண்டியாகிவிட்டது, கூடவே புஸ்ஸென்று சத்தம். அண்ணன் சொன்னது போல முதுகுக்கே தெரிந்தது.

வைட்பேண்ட் கதை இன்னும் காஸ்ட்லி. கேஜும் சென்சாருமாக 20,000 ரூபாயைத் தாண்டியது, எக்ஸாஸ்ட் பைப்பில் ஓட்டை போட்டு வெல்டிங் தனி. சென்சாரைப் பைப்பின் மேல்பாதியில் சரிவாக வைக்க வேண்டும், அடியில் வைத்தால் காலையில் தேங்கும் தண்ணீர் பட்டு சூடான செராமிக் விரிசல் விட்டுவிடும். வாங்குவதென்றால் லாம்டாவில் (சரியான கலவையை 1.00 என்று வைத்து ஒப்பிடும் அளவு) காட்டும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். கேஜில் 14.7 (எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு இத்தனை பங்கு காற்று) என்பது எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கான கணக்கு. இப்போது பெட்ரோல் பங்குகளில் வரும், 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20-க்கு உண்மையான விகிதம் 13.5-ஐ ஒட்டித்தான் வரும், ஆனால் லாம்டா எதை ஊற்றினாலும் 1.00 தான். எனக்கு ட்யூனிங் நடந்த இரண்டு வாரம் இது தங்கம். பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகப் போக வேண்டிய ஃபுல் த்ராட்டிலில் 0.82-க்குப் பக்கத்தில் நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்து மேப்பைச் சரிசெய்தோம். அது முடிந்தபின் தினமும் அதே எண். இப்போது கிளவ் பாக்ஸுக்குள் இருக்கிறது, அடுத்த முறை மேப்பில் கைவைக்கும்போது திறந்து பார்த்துக்கொள்ளலாம். ட்யூன் ஒருமுறைதான் என்றால் ட்யூனரிடம் இருக்கும் வைட்பேண்டே போதும்.

ஆயில் பிரஷர் கேஜ் முதலில் எனக்கு ஹார்ட் அட்டாக் கொடுத்தது. எலக்ட்ரானிக் சிட்டி ஃப்ளைஓவரில் போகும்போது முள் சடாரென்று பூஜ்யத்துக்கு விழுந்தது. என்ஜினை அணைத்து ஓரம் கட்டினேன். டிப்ஸ்டிக்கில் ஆயில் இருக்கிறது, கீழே ஒரு சொட்டு இல்லை. டோ செய்துதான் ஷெட்டுக்குப் போனேன். அண்ணன் மல்டிமீட்டரின் ஒரு முனையை சென்சார் உடம்பிலும் இன்னொன்றைப் பிளாக்கிலும் வைத்தார், தொடர்பே இல்லை. ஒற்றை ஒயர் சென்சாருக்கு எர்த் அதன் மரை வழியாகத்தான் கிடைக்கிறது. முதலில் மாட்டிய கடையில் கசியக்கூடாது என்று டெஃப்லான் டேப்பைச் சுற்றோ சுற்று என்று சுற்றியிருக்கிறார்கள். போதாததற்கு கனமான சென்சாரைப் பித்தளை டீ-யில் (T வடிவ இணைப்பில்) நேராகத் தொங்கவிட்டிருந்தார்கள், என்ஜின் அதிர்வில் அது என்றைக்காவது கழுத்தில் உடைந்திருக்கும். இப்போது ஆயில் ஃபில்டருக்கும் பிளாக்குக்கும் நடுவே உட்காரும் சாண்ட்விச் பிளேட், அதிலிருந்து ஒரு பிரெய்டட் ஹோஸ், சென்சார் ஃபயர்வாலில் கிளாம்ப் போட்டுத் தனியாக, எர்த்துக்கு ஒரு தனி ஒயர். அதற்குப் பிறகு பிரச்சினை இல்லை.

அதே கேஜ்தான் போன வருடம் என்ஜினைக் காப்பாற்றியது என்பேன். ஆயில் மாற்றி ஒரு வாரம் இருக்கும், சில்க் போர்டு ஜாமில் நிற்கும்போது ஐடிலில் 0.9 பார். வழக்கமாக என் வண்டி அந்தச் சூட்டில் 1.3 காட்டும். வீட்டுக்கு வந்து பில்லை எடுத்துப் பார்த்தால், வழக்கமான 5டபிள்யூ-40-க்குப் பதில், சூட்டில் அதைவிட இளகிவிடும் 5டபிள்யூ-30 ஊற்றியிருக்கிறார்கள். டாஷில் இருக்கும் சிவப்பு விளக்கை நம்பினால் இது தெரியவே தெரியாது, அது பொதுவாக அரை பாருக்குக் கீழே போனால்தான் எரியும்.

ஆயில் டெம்பரேச்சர் கேஜ் ஒரு வருடம் கழித்துச் சேர்த்தது, சாண்ட்விச் பிளேட்டில் ஒரு துளை மீதி இருந்ததால். சென்சாரை என்ஜினுக்கு அடியில் இருக்கும் சம்ப் பிளக்கில் போடலாம் என்றார் ஒருவர். நம்ம ஊர் ஹம்ப்புகளுக்கு அது முதல் பலி. என் ஓட்டத்தை மாற்றியது இந்த ஒன்றுதான். அல்சூரிலிருந்து கிளம்பி தொம்மலூர் வருவதற்குள் கூலன்ட் முள் நடுவில் நின்றுவிடும், வண்டி சூடாகிவிட்டது என்று அதுவரை மிதித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் ஆயில் 50 டிகிரிகூட இல்லை. 80 தாண்ட இன்னும் ஏழெட்டு நிமிடம் ஆகிறது, மழைக்காலத்தில் அதற்கும் மேல். இப்போது 80 வரும்வரை பூஸ்ட் ஏறும் அளவுக்கு மிதிப்பதில்லை. கிருஷ்ணகிரி தாண்டி வேகமாக ஓட்டினால் 112 வரை போயிருக்கிறது, 120 தொட்டால் காலை எடுத்துவிடுவேன்.

இடம் பற்றியும் ஒன்று. ஏ-பில்லரில் (முன்கண்ணாடியின் ஓரத் தூணில்) மூன்று டயலையும் தாங்கும் பாட் அழகுதான், ஆனால் வலது பக்கம் திரும்பும்போது அதற்குப் பின்னால் ஒரு ஸ்கூட்டர் முழுசாக மறைகிறது. அல்சூர் ஏரி முனையில் ஒரு பெரியவர் மயிரிழையில் தப்பினார், அன்று இரவே பாடைக் கழற்றினேன். இரண்டு ஆயில் கேஜும் இப்போது ஸ்டீரிங்குக்கு இடப்புறம் கீழே, டாஷ் விளக்கோடு சேர்ந்து மங்கும்படி ஒயர் கொடுத்து. ஓடும்போது யாரும் முள்ளைப் பார்ப்பதில்லை, ஆகவே அலாரம் செட் செய்யமுடியாத கேஜை வாங்காதீர்கள்.

பூஸ்ட் கேஜ் 52 மி.மீ., பெட்டியோடு வீட்டில் சும்மா கிடக்கிறது. வேண்டுபவர்கள் சொல்லுங்கள், ஹோஸ் மட்டும் புதிதாக வாங்கிக்கொள்ள வேண்டும், பழையது வெடித்துவிட்டது.